கப்பல் கரை சேர்ந்த பிறகு

1624 மே மாதம் தூனிஸிலிருந்து பலெர்மோ துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. வட ஆப்பிரிக்காவில் அடிமைகளாகக் கிடந்த கிறித்தவர்களைப் பணம் கட்டி மீட்டு ஏற்றிவந்த கப்பல். சிசிலியை ஆண்ட ஸ்பானிய வைஸ்ராய்க்குப் பரிசுப் பொருள்களும் அதில் இருந்தன. கூடவே பிளேக்கும் வந்து இறங்கியது. ஆகஸ்டில் வைஸ்ராயே செத்துப்போனார். இதற்கு நடுவில், ஜூலை 15ஆம் தேதி, ஊரை ஒட்டி நிற்கும் மோந்தே பெல்லெக்ரினோ மலைக் குகையில் சில எலும்புகள் கிடைத்தன. 12ஆம் நூற்றாண்டில் பிரபுக் குடும்பத்தை விட்டு வந்து தவமிருந்த ரொசாலியா என்ற பெண்ணின் எலும்புகள் அவை என்று முடிவாயிற்று. அடுத்த ஆண்டு ஜூனில் அவற்றைத் தெருத்தெருவாக ஊர்வலம் கொண்டுபோனார்கள். நோய் தணிந்தது. அம்மை கண்ட ஊரில் மாரியம்மனுக்குக் கிடைக்கும் இடம் அன்றிலிருந்து பலெர்மோவில் ரொசாலியாவுக்கு.

நான் போனது 2024 அக்டோபரில். எலும்பு கிடைத்து 400 ஆண்டு ஆனதைக் கொண்டாடி முடித்திருந்தார்கள். சுவரொட்டிகள் இன்னும் கிழியவில்லை. மலையேற எனக்குத் துணையாக வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். வயது அறுபதை ஒட்டி இருக்கும். அண்ணை என்றே கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "நீங்கள் சப்பாத்தோடை வாங்கோ தம்பி, பழக்கமில்லாத காலுக்குக் கல் குத்தும்" என்றார்.

கற்கள் பாவிய பழைய பாதை. வளைந்து வளைந்து ஏறுகிறது. செப்டம்பர் மூன்றாம் தேதி இரவு ஊரே இந்தப் பாதையில் ஏறுமாம். மற்றபடி ஞாயிறுகளில் இதைத் தேய்ப்பவர்களில் பெரும்பங்கு நம்மவர்கள். இலங்கைத் தமிழர்கள் 1980களிலிருந்து பலெர்மோவுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு வெளியேறியவர்களில் பலருக்கு ஜெர்மனியோ சுவிட்சர்லாந்தோதான் இலக்கு. இத்தாலி வழியில் கிடைத்த ஊர். 1990இல் வந்த மார்த்தெல்லிச் சட்டம் ஆவணமில்லாமல் இருந்தவர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தபோது பலர் இங்கேயே நின்றுவிட்டார்கள். வசதியான வீடுகளில் சமையல், துப்புரவு, முதியோரைப் பார்த்துக்கொள்வது. ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பிள்ளைகள் வீட்டுக்குள் தமிழும் படிக்கட்டில் சிசிலியனும் பேசுகிறார்கள்.

"நான் சைவம்தான்" என்றார் அண்ணை, நான் கேட்காமலே. "வந்த புதுசிலை கோயில் ஒண்டும் இல்லை. ஆரையாவது கும்பிட வேணுமே. மலையிலை ஒரு அம்மா இருக்கிறா, கேட்டால் குடுப்பா எண்டு சொல்லிச்சினம். ஏறினன். சொஜோர்னோ கிடைச்சுது." சொஜோர்னோ என்பது வதிவிட அனுமதி. அம்மனிடம் நோய் தீர வேண்டுவதும் பிள்ளை வரம் கேட்பதும் எனக்குத் தெரியும். அனுமதிச் சீட்டுக்கு நேர்ந்துகொண்டவரை அன்றுதான் பார்த்தேன்.

குகையின் வாசலில் தேவாலய முகப்பு, உள்ளே பாறைதான். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. தலையில் விழாதபடி உலோகத் தகட்டுக் கால்வாய்களைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, ஓரமாக வடித்துச் சேர்க்கிறார்கள். அது புனித நீர். 1787இல் கெதே இங்கே வந்து மயங்கிப்போயிருக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் பொன்னாடை போர்த்துச் சாய்ந்து கிடக்கிறாள் ரொசாலியா. ஊரெங்கும் தண்ணீர்ப் பஞ்சம், இந்தக் கூரை மட்டும் சொட்டுகிறது என்று ஒரு கிழவி பக்கத்தில் யாரிடமோ சொன்னதாக அண்ணை எனக்கு மொழிபெயர்த்தார்.

பஞ்சம் என்றது மிகையில்லை. 2024 மே 6ஆம் தேதி இத்தாலிய அரசு சிசிலியில் வறட்சி அவசர நிலை அறிவித்தது. தீவின் நடுவே எண்ணா அருகில் இருக்கும் பெர்குசா ஏரி காய்ந்து வெடித்தது. ஜூலையில் கடற்படையின் திச்சீனோ என்ற கப்பல் தென்கரையில் இருக்கும் லிக்காத்தா ஊருக்கு 12 லட்சம் லிட்டர் குடிநீர் கொண்டுவந்தது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு வந்த முதல் ரயில் 25 லட்சம் லிட்டர் சுமந்தது. வில்லிவாக்கத்தில் மாலை போட்டு வரவேற்றோம். தண்ணீர்க் கப்பலும் தண்ணீர் ரயிலும் படம் எடுக்கத் தோதானவை. சிசிலியின் விநியோகக் குழாய்களில் விடப்படும் தண்ணீரில் பாதிக்கு மேல் வழியிலேயே கசிந்து போகிறது என்று அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனமே சொல்கிறது. கசியும் குழாயைப் படம் எடுக்க யாரும் போவதில்லை.

மலையிலிருந்து பார்த்தால் துறைமுகம் முழுவதும் தெரிகிறது. அன்று அங்கே நின்றது ஒரு சுற்றுலாக் கப்பல். 2014 முதல் சில ஆண்டுகள் அதே மேடையில் வேறு கப்பல்கள் வந்தன. 2013 அக்டோபர் 3 அன்று லாம்பெதூசா தீவை ஒட்டி ஒரு படகு கவிழ்ந்து 368 பேர் இறந்த பிறகு, இத்தாலியக் கடற்படை ஆட்களைத் தேடி மீட்கத் தொடங்கியது. ஓராண்டில் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பிறகு தன்னார்வ நிறுவனங்களின் கப்பல்கள் அந்த வேலையைச் செய்தன. மீட்கப்பட்டவர்களை இறக்கிய ஊர்களில் பலெர்மோவும் ஒன்று. முதலில் மருத்துவர்கள் ஏறுவார்கள். நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள் முதலில் இறங்குவார்கள். பிறகு தண்ணீர், ரொட்டி, ரப்பர் செருப்பு, கையில் எண் பட்டை, கைரேகை, பேருந்து. சிரங்கு பலருக்கும் இருக்கும். பல பெண்களுக்குத் தொடையிலும் இடுப்பிலும் தீக்காயம். நெருப்புப் பட்ட காயமில்லை. ரப்பர் படகின் நடுவில், பத்திரமான இடம் என்று பெண்களை உட்காரவைப்பார்கள். சிந்திய பெட்ரோலும் கடல்நீரும் கலந்து அங்கேதான் தேங்கும். மணிக்கணக்கில் அதில் ஊறிய தோல் உரிந்து வந்துவிடும்.

அண்ணை துறைமுகத்தைப் பார்க்காமல் தென்கிழக்கே கையைக் காட்டினார். மலைகளுக்கு அப்பால், தீவின் மறுமுனையில் போர்த்தோபாலோ. 1996 கிறிஸ்துமஸ் இரவில் அங்கே நடந்ததை இங்குள்ள தமிழர்கள் தேதி சொல்லாமலே பேசுகிறார்கள். இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து வந்தவர்களைப் பெரிய கப்பலிலிருந்து சிறு படகுக்கு மாற்றும்போது, கொந்தளித்த கடலில் இரண்டும் மோதின. குறைந்தது 283 பேர் மூழ்கினார்கள். தப்பியவர்களைக் கிரேக்கக் கரையில் இறக்கிவிட்டார்கள். அவர்கள் சொன்னதை இத்தாலியில் பெரும்பாலோர் நம்பவில்லை. அந்தப் பக்கத்து மீனவர் வலைகளில் உடல்கள் ஏறின. சொன்னால் விசாரணை, படகு முடக்கம், பிழைப்பு போகும் என்று திரும்பக் கடலிலேயே போட்டவர்கள் உண்டு. 2001இல் ஒரு மீனவர் வலையில் ஓர் இலங்கைத் தேசிய அடையாள அட்டை வந்தது. பதினேழு வயதுத் தமிழ்ப் பையனுடையது. அவர் அதைக் கடலில் போடாமல் வெளியே சொன்னார். லா ரெப்புப்ளிக்கா நாளிதழின் ஜொவான்னி மரியா பெல்லு நீருக்கடியில் கேமரா இறக்கிச் சிதைவைக் காட்டினார். ஐந்தாண்டு கழித்து அந்தச் சாவுகள் நடந்தவை ஆயின.

மதியம் ஊருக்குள் இறங்கினோம். மத்திய ரயில் நிலையத்தைத் தாண்டினால் ஆர்க்கிராஃபி தெரு. அங்கே "நம்பிக்கையும் அன்பும்" என்ற பெயரில் ஒரு மடம் மாதிரியான இடம். தொடங்கியவர் பியாஜோ கொந்தே. கட்டட ஒப்பந்தக்காரர் வீட்டுப் பிள்ளை. எல்லாவற்றையும் விட்டு மலைக்காட்டில் இருந்துவிட்டு, அசீசி வரை நடந்தே போய்த் திரும்பி, ரயில் நிலையத்தில் படுப்பவர்களோடு படுக்கத் தொடங்கினார். 1993இல் இந்தக் கட்டடம் கிடைத்தது. முன்பு அது நகராட்சியின் கிருமிநீக்க நிலையம்; நோயாளிகளின் துணிமணிகளை வெந்நீரிலும் மருந்திலும் போட்டெடுத்த இடம். நோய்க்குப் பயந்து கட்டிய கூரையின் கீழ் இப்போது நூற்றுக்கணக்கானவர்கள் தூங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள். பச்சை அங்கியும் கையில் கோலுமாகத் திரிந்த கொந்தே 2023 ஜனவரி 12 அன்று இறந்தார். சுவரில் அவர் படத்துக்குக் கீழே யாரோ இரண்டு ஆரஞ்சுப் பழம் வைத்திருந்தார்கள்.

கொந்தே பற்றி அண்ணை சொன்ன கதைகளில் ஒன்று என்னை நிறுத்தியது. நாளிதழ்களிலும் வந்த செய்திதான். அந்த மடத்தில் கானா நாட்டுக்காரர் ஒருவர் தங்கியிருந்தார். பிளம்பர். அங்கே உடைந்த குழாயெல்லாம் சம்பளமில்லாமல் அவர் கைபட்டுத்தான் சரியானது. இத்தாலியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். 2019இல் அனுமதிச் சீட்டு புதுப்பிக்கப்படாமல் நாட்டைவிட்டு வெளியேறும் உத்தரவு வந்தது. கொந்தே உண்ணாநோன்பு இருந்தார். பசித்தவனுக்குச் சோறு போட்டபோது யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. சோறு உண்டவர் ஊருக்கு உழைத்து இங்கேயே இருக்க நினைத்தபோது சிக்கல் வந்தது. நிவாரணம் என்ற சொல்லை நாம் அரிசி மூட்டையோடு நிறுத்திவிடுகிறோம். மூட்டை தீர்ந்த மறுநாள் தேவைப்படுவது ஒரு காகிதம்.

அதே 2019 ஜனவரியில் இந்த ஊர் மேயராக இருந்த லெயோலூக்கா ஒர்லாந்தோ ஒரு காரியம் செய்தார். அடைக்கலம் கேட்டு வந்தவர்களை உள்ளூர்க் குடியிருப்புப் பதிவேட்டில் சேர்க்கக் கூடாது என்று ரோமில் புதுச் சட்டம் வந்திருந்தது. பதிவு இல்லையென்றால் உள்ளூர்ச் சேவைகள் பலவற்றின் வாசலிலேயே தடுக்கப்படுவார்கள். தம் அலுவலர்கள் அந்த விதியைச் செயல்படுத்த வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். உள்துறை அமைச்சர் சால்வீனி கொதித்தார். 2020இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்தது. இதற்கு முன், 2015இல், பலெர்மோ சாசனம் என்று ஓர் அறிக்கையை ஒர்லாந்தோ வெளியிட்டிருந்தார். இடம்பெயர்வது மனித உரிமை, வதிவிட அனுமதி என்ற ஏற்பாடே ஒழிய வேண்டும் என்பது அதன் சாரம். பெரிய பேச்சு என்று சிரிக்கலாம். அவர் ஊரின் குப்பையும் கல்லறைத் தோட்டமும் கிடந்த கிடப்பைச் சொல்லித் திட்டுகிறவர்களும் பலெர்மோவில் ஏராளம். அந்தத் திட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு கையெழுத்துக்காக அவரை நான் மதிக்கிறேன்.

பல்லரோ சந்தைக்குள் நுழைந்தால் பேச்சு காதில் விழாது. வாள்மீனின் தலை பலகையில் நிமிர்ந்து நிற்கிறது. கடலை மாவில் பொரித்த பனெல்லே வாசம். கூவி விற்கிறவர்களில் சிசிலியர், வங்காளதேசத்தவர், கானாக்காரர். ஒரு கடையில் முருங்கைக்காய் பார்த்தேன். விலையைப் பார்த்து வைத்துவிட்டேன்.

இந்தச் சந்தைத் தெருக்களில் சோமாலியர்களும் எரித்திரியர்களும் இருக்கிறார்கள். சோமாலியா இத்தாலியின் பழைய காலனி. வறட்சி, இடப்பெயர்வு, நோய் மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுத்து வருகின்றன என்பதை அங்கே பார்க்கலாம். மழை பொய்த்தால் முதலில் ஆடுமாடு சாகும். கால்நடையே சொத்து என்பதால் குடும்பம் நடக்கத் தொடங்கும். முகாமில் நெரிசல், அழுக்குத் தண்ணீர், தடுப்பூசி போடாத பிள்ளைகள். பசி உடம்பை உருக்கிவைக்க, தட்டம்மையும் காலராவும் உயிரைக் கொண்டுபோகும். 2011 ஜூலை 20 அன்று ஐ.நா. அங்கே பஞ்சம் என்று முறைப்படி அறிவித்தது. அந்தப் பஞ்சத்தில் சுமார் 2,60,000 பேர் இறந்தார்கள், பாதிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்று பிறகு கணக்கிட்டார்கள். இறந்தவர்களில் ஏறத்தாழ பாதி, அறிவிப்பு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். மழை பொய்த்தது ரகசியமாக நடக்கவில்லை. எச்சரிக்கைகள் மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தன. ஒருபுறம் அல்-ஷபாப் பல உதவி நிறுவனங்களைத் தன் பகுதிக்குள் விடவில்லை. மறுபுறம் பணம் கொடுக்க வேண்டியவர்கள் பஞ்சம் என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். 2020 கடைசியிலிருந்து மறுபடி ஐந்து மழைப் பருவங்கள் அடுத்தடுத்துப் பொய்த்தன. 2022இல் மட்டும் வறட்சியால் 43,000 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு.

உலக உணவுத் திட்டத்தின் தலைமையகம் ரோமில். ஐ.நா. அவசரகால நிவாரணப் பொருள்களின் பெருங்கிடங்கு ஒன்று தென்னித்தாலியின் பிரிந்திசியில். கூடாரமும் உயிர்ச்சத்து பிஸ்கட்டும் இத்தாலியிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு விமானம் ஏறுகின்றன. அவை போய்ச் சேராத இடத்து ஆட்கள் சகாராவையும் லிபியச் சிறைகளையும் கடந்து எதிர்த்திசையில் இத்தாலிக்கு வருகிறார்கள்.

வந்தவர்களுக்கு நோய் வந்தால்? 1998 முதல் இத்தாலியச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஆவணமே இல்லாதவருக்கும் அவசர, அத்தியாவசிய சிகிச்சை உண்டு. மருத்துவமனை அவரைப் போலீசுக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது. 2009இல் அந்தப் பாதுகாப்பை எடுக்கப் பார்த்தார்கள். மருத்துவர்கள் எழுந்து நின்று தடுத்தார்கள். இந்த ஊர்ப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் பாவலோ ஜக்கோனே பெயர் வைத்திருக்கிறார்கள். தடயவியல் மருத்துவர். ஒரு கொலை வழக்கில் கைரேகை அறிக்கையை மாற்றி எழுத மறுத்ததற்காக 1982 ஆகஸ்டில் மாஃபியா அவரைச் சுட்டுக் கொன்றது. அதே மருத்துவமனையில் இடம்பெயர்ந்தோருக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் போர்க்கள அறுவைசிகிச்சையும் சூடானில் இதய அறுவைசிகிச்சையும் செய்யும் எமர்ஜென்சி நிறுவனம், இத்தாலிக்குள் தன் முதல் இலவச மருத்துவ நிலையத்தை 2006இல் பலெர்மோவில் திறந்தது. அகதிகளுக்காகத் திறந்த வரிசையில் பல்லுக்கும் கண்ணுக்கும் பணமில்லாத பலெர்மோக்காரர்களும் வந்து நின்றார்கள். "என்ரை மனுசிக்குப் பல்லுக் கட்டினது அங்கைதான்" என்றார் அண்ணை. "முன்னுக்கு நிண்டது ஒரு இத்தாலிக் கிழவர். ரெண்டு பேரும் வீட்டு வாடகையைப் பற்றிக் கதைச்சினமாம்."

மறுநாள் பர்த்தினிக்கோ போனோம். மேற்கே முப்பது கிலோமீட்டர் போல. ஊரைத் தாண்டி மலைகளுக்கு நடுவே போமா ஏரி. பலெர்மோ குடிக்கும் நீரில் ஒரு பங்கு இங்கிருந்து போகிறது. கரையில் பழைய நீர்மட்டத்தின் வெள்ளைக் கோடு; அதற்கு வெகு கீழே தண்ணீர். நிலம் பிளந்து கிடந்தது. ராமநாதபுரத்துக் கண்மாய் பார்த்த கண்ணுக்கு அது புதிதில்லை. அங்கே ஓர் அணை இருப்பதே எனக்கு வியப்பாக இருந்தது.

1952இல் தனிலோ தோல்ச்சி என்ற இளைஞர் வட இத்தாலியிலிருந்து இந்தப் பக்கத்து மீனவக் கிராமமான திராப்பெத்தோவுக்குக் குடிவந்தார். கவிஞர். கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டவர். வந்த ஆண்டே ஒரு குழந்தை பசியால் இறந்தது. அந்தக் குழந்தையின் கட்டிலில் படுத்து உண்ணாநோன்பு தொடங்கினார். அதிகாரிகள் பதறி ஓடிவந்து, அவசரப் பணிகளைச் செய்வதாக வாக்களித்தார்கள். நன்கொடை வசூலித்துக் கஞ்சி ஊற்றியிருந்தால் அவர் நல்ல மனிதர் என்ற பெயரோடு நின்றிருப்பார். அவர் வேறொன்றைக் கேட்டார். குளிர்காலத்தில் யாத்தோ ஆற்று வெள்ளம் வீணாகக் கடலில் கலக்கிறது. கோடையில் கிணற்றுத் தண்ணீரை மாஃபியா விலை வைத்து விற்கிறது. ஆற்றுக்கு அணை கட்டுங்கள், தண்ணீரை விவசாயிகள் சங்கம் பங்கிடட்டும் என்றார். 1956 பிப்ரவரி 2 அன்று வேலையில்லாத ஏழைகளைத் திரட்டி, குண்டும் குழியுமாகக் கிடந்த ஒரு பொதுச் சாலையைக் கூலி வாங்காமல் சரிசெய்யத் தொடங்கினார். வேலையை நிறுத்துவது வேலைநிறுத்தம். வேலை இல்லாதவர்கள் வேலை செய்தே போராடினார்கள். போலீஸ் கைது செய்தது. புகழ்பெற்ற சட்ட அறிஞர் கலமந்திரேய் வாதாடியும் தண்டனை கிடைத்தது. தோல்ச்சியைச் சிசிலியின் காந்தி என்றார்கள். அணை வேலை தொடங்கியது 1963இல். அதற்கும் அதற்கு முந்தைய ஆண்டு அவர் மறுபடி பட்டினி கிடக்க வேண்டியிருந்தது.

ஏரிக்கரையில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அண்ணை இடைமறித்தார். "எங்கடை ஊரிலை நிவாரணம் எண்டு லைனிலை நிண்டிருக்கிறன் தம்பி. அரிசி, பருப்பு, சீனி. கையை நீட்டுறது பழகிப்போகும். பிறகு எழும்பேலாது." சற்று நின்று, "பிழை எண்டு சொல்லேல்லை. அந்த அரிசி இல்லாட்டி நான் இல்லை" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. சுனாமியின்போது அவரே பலெர்மோவில் வீடு வீடாகப் போய்க் காசு சேர்த்தவர். முதலில் கொடுத்தது அவர் வேலைபார்த்த வீட்டு அம்மாள்.

பலெர்மோவில் அந்த அக்டோபரில்தான் பகுதி பகுதியாக முறை வைத்துத் தண்ணீரை நிறுத்தத் தொடங்கியிருந்தார்கள். கூரைகளில் நீல நிறத் தொட்டிகள் முளைத்திருப்பதற்கு அது மட்டும் காரணமில்லை. இந்த ஊருக்கு முறைத் தண்ணீர் தலைமுறைப் பழக்கம். திரும்பும் வழியில் அண்ணையின் கைபேசி அடித்தது. வீட்டிலிருந்து. மறுநாள் அவர்கள் தெருவின் முறை.

"தொட்டி நிரம்பிட்டுதோ எண்டு ஏறிப் பார். மோட்டரை நிப்பாட்டாதை. கீழ் வீட்டுக் கிழவிக்கும் ரெண்டு வாளி பிடிச்சு வை, அவவுக்கு மேலை தொட்டி இல்லை." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பதிவுக்கு முதல்முதல் தன்ரை விலாசத்தைத் தந்தது அந்தக் கிழவிதான். வாடகையை மட்டும் வருசா வருசம் ஏத்துவா."